டெல்கோ ரேடியோவுக்கு அசல் ஸ்பீக்கர்: கேள்வி பதில்

கேள்வி: 1967 கமாரோ கார், அதில் டெல்கோ நிறுவனத்தின் ஏஎம் ரேடியோ. புது 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினேன். சத்தம் கூட்டினால் கரகரக்கிறது, ரேடியோவும் கொதிக்கிறது. ஏன் சார்?

பதில்: சூடு பாதி இயல்பானது. வெளியீட்டில் ஒரே ஒரு ஜெர்மேனியம் பவர் டிரான்சிஸ்டர். பாட்டு இல்லாதபோதும் அதில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கரகரப்புக்குக் காரணம் ஸ்பீக்கர்தான். இந்த ரேடியோ 10 ஓமுக்குச் செய்தது. 4 ஓம் மாட்டினால் அதே மின்னழுத்தத்துக்கு இரண்டரை மடங்கு மின்னோட்டம் கேட்கும். அதைக் கழற்றிவிடுங்கள், ஆனால் ஸ்பீக்கர் இல்லாமல் ரேடியோவைப் போடாதீர்கள். சுமை இல்லாதபோது வெளியீட்டில் உள்ள சோக் காயிலில் (கம்பிச்சுருளில்) எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் விற்பவர் "10 ஓம்தான்" என்கிறார். எப்படி நம்புவது?

பதில்: மல்டிமீட்டர் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மீட்டர் டிசி தடையைத்தான் காட்டும், அது ஸ்பீக்கரின் பெயரளவு ஓமைவிடக் குறைவாக இருக்கும்: 10 ஓம் ஸ்பீக்கர் சுமார் 7 முதல் 8.5 வரை, 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. அளவு 4×10 அங்குலமா என்றும் பாருங்கள். கமாரோவின் டேஷ்போர்டில் அதுதான் உட்காரும்.

கேள்வி: ஸ்பீக்கர் ஃபிரேமில் 465 712 என்று அச்சு. அசலா?

பதில்: முதல் மூன்று இலக்கம் ஸ்பீக்கரைத் தயாரித்த நிறுவனம்: 465 ஆக்ஸ்ஃபோர்டு. (220 ஜென்சன், 137 சிடிஎஸ், 328 யூட்டா.) அடுத்த 7 வருடம், 12 வாரம். ஒற்றை இலக்கம் என்பதால் 1957, 1967, 1977 மூன்றும் பொருந்தும். காரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கார் தயாரான தேதிக்குச் சில வாரமோ மாதமோ முந்தியிருந்தால் நல்லது. பிந்தியிருந்தால் அது பிறகு மாற்றியது.

கேள்வி: ஸ்பீக்கரின் கோன் (காகிதக் கூம்பு) கிழிந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. சரியான குறியீடுள்ள ஃபிரேமும் காந்தமும்தான் அரிது. கோனைப் புதிதாகப் போட்டுவிடலாம், கோனை அசைக்கும் காயிலும் 10 ஓமாகவே இருக்கட்டும். வாங்கும் முன் இரு கைவிரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசல் கேட்டால் காந்த இடைவெளியில் துருவோ தூசியோ இருக்கலாம், காயில் நடுவிலிருந்து விலகியும் இருக்கலாம்.

கேள்வி: அசல் கிடைக்கும்வரை?

பதில்: இரட்டைக் காயில் உள்ள 4×10 வாங்கி, இரண்டு 4 ஓம் காயிலையும் தொடராக இணைத்தால் 8 ஓம். அது போதும். இணையாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், கூடவே கூடாது.