ஆறு பேர் டீமுக்கு ஈகேஎஸ், ஜிகேஈ, ஏகேஎஸ்: எதை எடுக்கலாம்?

ஆறு டெவலப்பர்கள், பன்னிரண்டு சர்வீஸ்கள், எல்லாம் இப்போது விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை; அமேசானின் ஈகேஎஸ், கூகுளின் ஜிகேஈ, மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ் என்ற மேனேஜ்டு குபர்நெட்டிஸ் (சர்வீஸ்களைக் கன்டெய்னர்களாகப் பல மெஷின்களில் ஓட்டும் மென்பொருள்) சேவைகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தனி ஆள் இல்லை என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

மேனேஜ்டு என்றால் கிளஸ்டரை (சேர்ந்து ஓடும் மெஷின் கூட்டத்தை) இயக்கும் கன்ட்ரோல் பிளேன், அதாவது ஏபிஐ சர்வர், கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் எட்சிடி எல்லாம் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. அப்கிரேடு செய்தால் உங்கள் மேனிஃபெஸ்ட்களும் (எதை எப்படி ஓட்டுவது என்று எழுதும் ஃபைல்கள்) ஆட்-ஆன்களும் தாங்குமா என்று பார்ப்பது உங்கள் தலையில்தான் விழும். குபர்நெட்டிஸ் வருடத்துக்கு 3 வெர்ஷன் விடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதம்தான் ஆதரவு, நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகவும் பொதுவாக முடியாது.

நான் முன்பு இருந்த டீமில் இதில் நன்றாக அடிபட்டோம். குபர்நெட்டிஸ் 1.22-இல் இன்கிரஸின் (வெளியிலிருந்து வரும் டிராஃபிக்கைச் சர்வீஸ்களுக்கு அனுப்பும் விதிகள்) பழைய பீட்டா ஏபிஐ-யை எடுத்துவிட்டார்கள். எங்கள் இன்கிரஸ் கன்ட்ரோலரோ அதையேதான் நம்பிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தும் அதைப் படிப்பது இன்னார் வேலை என்று யாரிடமும் ஒப்படைக்காததால், கிளஸ்டரை அப்கிரேடு செய்த பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போனது.

செலவிலும் இதே கதைதான். ஈகேஎஸ் கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், மாதம் சுமார் 73 டாலர். ஆனால் ஆதரவுக் காலம் முடிந்த வெர்ஷனிலேயே உட்கார்ந்திருந்தால் அது மணிக்கு 0.60 ஆகிவிடும். ஏகேஎஸ்ஸின் இலவச நிலையில் கன்ட்ரோல் பிளேனுக்குக் கட்டணம் இல்லை, கூடவே அப்டைம் உத்தரவாதமும் இல்லை. இதையெல்லாம் ரொம்ப யோசிக்காதீர்கள், பில்லில் பெரும்பகுதி நோடுகளுக்குத்தான், அதாவது சர்வீஸ்கள் ஓடும் மெஷின்களுக்குத்தான் போகும்.

சரி, எதை எடுப்பது? உங்கள் டேட்டாபேஸ் ஏற்கெனவே எந்த கிளவுடில் இருக்கிறதோ அங்கேயே இருங்கள், வெளியே போகும் டிராஃபிக்குக்குக் காசும் கொடுத்து தாமதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டாம். அப்படி எந்தக் கட்டும் இல்லையென்றால் என் ஓட்டு ஜிகேஈ ஆட்டோபைலட்டுக்கு. 2021-இல் வந்தது, நோடுகளை கூகுளே பார்த்துக்கொள்கிறது, பெரும்பாலும் பாட் (ஒரு சர்வீஸின் ஓடும் பிரதி) கேட்கும் சிபியூ, மெமரிக்குத்தான் பணம், அதனால் ரிக்வெஸ்ட் அளவுகளைக் குத்துமதிப்பாகப் போடாமல் அளந்து போடுங்கள்.

அமேசானில் இருந்தால் முதலில் அவர்களின் சொந்தக் கன்டெய்னர் சேவையான ஈசிஎஸ்ஸையும், நீங்கள் சர்வரைப் பார்க்காமலே கன்டெய்னரை ஓட்டும் ஃபார்கேட்டையும் பாருங்கள். பன்னிரண்டு சர்வீஸுக்கு அது தாராளமாகப் போதும், வெர்ஷன் துரத்தல் அங்கே இல்லை. ஆபரேட்டர்கள் (மென்பொருளைத் தானாகப் பராமரிக்கும் நிரல்கள்), ஹெல்ம் சார்ட்கள் (தயார்நிலை இன்ஸ்டால் பொதிகள்) என்று குபர்நெட்டிஸ் உலகமே வேண்டும் என்றால் மட்டும் ஈகேஎஸ். அப்போது சப்நெட்டை, அதாவது விபிசி எனும் உங்கள் தனி நெட்வொர்க்கின் பகுதியை, பெரிதாக வையுங்கள், ஏனென்றால் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பாடும் விபிசி-யின் ஐபி முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஒரு /24 அளவு சப்நெட்டில் இருப்பதே 256 முகவரி, அதிலும் 5 அமேசானுக்கு.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை கிளஸ்டரில் முக்கியமில்லாத சர்வீஸ் ஒன்றை ஏற்றி, வேண்டுமென்றே ஒரு வெர்ஷன் பழையதில் தொடங்கி, நீங்களே ஒரு முறை அப்கிரேடு செய்து பாருங்கள். அதை ஆறு பேரில் யார் செய்தாரோ, அவர் இதைத் தொடர்ந்து செய்யத் தயாரா என்று அவரிடமே கேளுங்கள்.