முதுகில் சொடக்கு எடுக்க வீட்டை அடமானம் வைக்கலாமா?

கரூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ பயாலஜி முடித்திருக்கிறாள். எம்பிபிஎஸ் கிடைக்கிற அளவுக்கு நீட் மதிப்பெண் வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, "கைரோபிராக்டிக் படிக்க வைங்க, பேருக்கு முன்னாடி டாக்டர் வந்துடும்" என்கிறாராம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சொடக்கும் சிகிச்சை முறை அது. அப்பாவுக்கும் ஒரு சென்டரில் முதுகைச் சொடக்கிவிட்ட பிறகு இரண்டு நாள் வலி குறைந்திருந்ததாம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் சார்.

முதலில் உங்கள் முதுகு. அந்த 'டப்' சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தம் இல்லை; மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உருவாவதால் வருவது. இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவும், ஆனால் முறையான உடற்பயிற்சியை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண இடுப்புவலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானே குறைந்துவிடும். கழுத்தைச் சடாரென்று திருப்புவதில் மட்டும் கவனம்: அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ சொடக்கு எடுக்கப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்து, படிப்பு. 1895-இல் டி. டி. பாமர் என்பவர் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில் தொடங்கி வைத்த முறை கைரோபிராக்டிக். அமெரிக்காவில் இது சட்டப்படி லைசென்ஸ் உள்ள தொழில், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்தவுடன் நேராகச் சேர முடியாது. முதலில் சில ஆண்டு கல்லூரிப் படிப்பு, அப்புறம் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். அங்கே வேலை பார்க்க விசா கிடைக்காமல் ஊர் திரும்பினால், இந்தியாவில் இதற்கென்று தனிப் பதிவு கிடையாது. அப்போது கடனை யார் கட்டுவது? சித்தப்பாவா?

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்த பாட்டியை மாலையில் நடக்க வைப்பது மகள்தானாம். "பாட்டி முட்டியை மடக்காம காலை வெளிப்பக்கமா வீசி நடக்குது" என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்தாளாம். நடையை இப்படிக் கவனிப்பது பிசியோதெரபி மாணவர்கள் பயிற்சி எடுத்துக் கற்கும் விஷயம். அந்தக் கண் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பிபிடி எனும் பிசியோதெரபி பட்டப்படிப்பை நம் குடும்பங்கள் 'எம்பிபிஎஸ் கிடைக்காதவர்கள் போவது' என்று ஒதுக்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் அனாடமி, பிசியாலஜி. பிறகு தசையும் மூட்டும் எப்படி வேலை செய்கின்றன என்கிற பயோமெக்கானிக்ஸ். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளக்கப் பழகுவார்கள். எலும்பு, நரம்பு, இதயம்–நுரையீரல், குழந்தைகள் என்று வார்டு வார்டாகப் போவார்கள். ஐசியூ நோயாளிக்குச் சளியை வெளியேற்ற உதவுவதும் இவர்கள்தான். 2025-இல் வந்த தேசியப் பாடத்திட்டப்படி ஓராண்டு இன்டர்ன்ஷிப் சேர்த்து ஐந்து ஆண்டு. அதற்கு மேல் எம்பிடி எனும் முதுநிலைப் படிப்பில் எலும்பு–மூட்டுப் பிரிவை எடுத்தால், கையால் செய்யும் சிகிச்சையான மேனுவல் தெரபி வரும். சித்தப்பா சொல்லும் அந்தக் கை வேலையில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. எப்போது கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுத்தருவார்கள்.

திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் பிபிடி உண்டு. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021 மத்தியச் சட்டத்தின்படி பிசியோதெரபி அங்கீகரிக்கப்பட்ட தொழில். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் இந்த ஆண்டு அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில ஆண்டு சம்பளம் குறைவு. பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா என்பது இன்னும் சண்டையில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் படிக்க வைக்கிறீர்கள் என்றால் பிபிடி உங்களுக்கு ஏமாற்றம்தான், அவளுக்கு இல்லை.

கல்லூரியைத் தேடும் முன், அனுமதி கேட்டு ஒரு வாரம் அவளை அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் காலை நேரத்தில் உட்கார வையுங்கள். வலியில் கத்துகிற நோயாளியையும், ஒரே பயிற்சியை இருபது முறை சொல்ல வேண்டியதையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் விண்ணப்பம் போடட்டும். பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், வேறு பார்ப்போம். அதுவரை எந்த வங்கிப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.