பாண்டியர் பத்தி நீங்க கேட்டதும் எனக்கு தெரிஞ்சதும்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பாண்டியருதான். பதிலுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், ஒரே குடும்பம் வரிசையா ரெண்டாயிரம் வருஷம் மதுரைல உக்காந்து ஆண்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டுதான் நிறைய பேரு கேக்குறீங்க, அப்படி இல்லங்க, நடுவுல நடுவுல பெரிய கேப் இருக்கு, பேரு மட்டும்தான் திரும்ப திரும்ப வருது, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

கேள்வி: நெடுஞ்செழியன் பேரு நிஜமாவே கல்லுல இருக்கா இல்ல பாட்டுல மட்டும்தானா?

இருக்கு. மேலூர் பக்கம் மாங்குளம், மீனாட்சிபுரம் ஊர்ல இருந்து மலை ஏறணும், மேல குகைல சமண முனிவருங்க படுக்க பாறைலயே படுக்கை வெட்டி வச்சிருக்காங்க, அங்க தமிழி எழுத்துல, அதாவது தமிழோட ரொம்ப பழைய எழுத்துல, வெட்டியிருக்கு. வெள்ளக்கார அதிகாரி ராபர்ட் சீவல் 1882லயே இத பாத்து சொல்லிட்டாரு, ஆனா சரியா படிச்சு முடிக்க ரொம்ப காலம் ஆச்சு. கணி நந்தன்ங்கிற முனிவருக்கு நெடுஞ்செழியனோட அதிகாரி கடலன் வழுதி பள்ளி (பள்ளின்னா இங்க ஸ்கூல் இல்ல, முனிவருங்க தங்குற இடம்) வெட்டி கொடுத்தான்னு ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு அதே நெடுஞ்செழியனோட சகலை இளஞ்சடிகன், அவன் அப்பன் சடிகன் செஞ்ச பள்ளின்னு சொல்லுது. ராஜா பேரு வர்றத விட எனக்கு இந்த சகலைதான் புடிக்கும், ராஜாவுக்கு சொந்தம்னு அப்பவே கல்லுல வெட்டி வச்சுட்டாங்க பாருங்க. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இத கி.மு. 2-ஆம் நூற்றாண்டுன்னு வச்சாரு. ஆனா கண்ணகி கதைல வர்ற நெடுஞ்செழியன்தான் இவன்னு முடிச்சு போட்டுடாதீங்க, அந்த பேர்ல நிறைய பேரு இருந்திருக்காங்க.

போறவங்க டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல அடிங்க, அப்பதான் வெட்டு ஆழம் தெரிஞ்சு எழுத்து எந்திரிச்சு வரும். தயவுசெஞ்சு சாக்பீஸ் வச்சு எழுத்து மேல கோடு இழுக்காதீங்க, போட்டோக்காக இத பண்றவங்கள பாத்தா எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்ல.

கேள்வி: அப்ப கீழடி பாண்டியர் தலைநகரமா?

இதுவரைக்கும் பானை ஓட்டுல கிடைச்சது ஆதன், குவிரன் மாதிரி சாதாரண ஆளுங்க பேருதான். ஊரு பெருசு, எழுத்து தெரிஞ்ச ஜனம், அதுவே பெரிய விஷயம். தலைநகரம்னு சொல்ல இன்னும் ஆதாரம் வேணும்.

கேள்வி: களப்பிரர் காலம்னா என்ன, ஸ்கூல்ல இருண்ட காலம்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க

எங்களுக்கும் அப்படித்தான் முடிச்சாங்க. இதுக்கு வேள்விக்குடி செப்பேட்ட படிக்கணும், அது ஒரு நிலத்தகராறு கேஸுங்க, சும்மா சொல்லல. சங்க காலத்துல பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கை கிழான் நற்கொற்றன் நடத்துன வேள்விக்காக வேள்விக்குடிங்கிற ஊர அவனுக்கு கொடுக்குறான். பின்னாடி களப்பிரர் வந்து நாட்ட புடிச்சதோட அந்த ஊரும் பறிபோகுது. அப்புறம் 6-ஆம் நூற்றாண்டு கடைசில கடுங்கோன் வந்து பாண்டிய நாட்ட மீட்கிறான், ஆனா ஊரு மட்டும் பழைய குடும்பத்து கைக்கு வரல. கடுங்கோன்ல இருந்து ஏழாவதா வர்ற பராந்தக நெடுஞ்சடையன், ஆட்சிக்கு வந்து 3-ஆம் வருஷம், மதுரைல போய்க்கிட்டு இருக்கும்போது கொற்கை கிழான் நற்சிங்கன்னு ஒருத்தன் சத்தம் போட்டு முறையிடுறான், எங்க முன்னோருக்கு உங்க முன்னோர் கொடுத்த ஊருங்கய்யான்னு. ராஜா சிரிச்சுட்டு என்ன சொல்றான் தெரியுமா, ஊரார வச்சு பழைய உரிமைய நிரூபிச்சு வாங்கிக்கோங்கறான். நிரூபிச்சான், வாங்கிட்டான். நம்ம தாலுகா ஆபீஸ்ல பட்டா மாத்த நடந்தவங்களுக்கு இது புரியும்.

இதுல ஒண்ண கவனிங்க, களப்பிரர் கெட்டவங்கன்னு இந்த செப்பேடு சொல்றது நிலத்த இழந்த பக்கத்து கதை. களப்பிரர் தரப்பு செப்பேடுன்னு ஒண்ணும் நம்ம கைல இல்ல. இருண்ட காலம்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுதா.

கேள்வி: எங்க ஊர் கல்வெட்டுல சுந்தர பாண்டியன்னு இருக்கு, எந்த சுந்தர பாண்டியன்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

வாங்க, இது பெரிய தலைவலி. பாண்டியருக்கு மாறவர்மன், சடையவர்மன்னு ரெண்டு பட்டம்தான் மாறி மாறி வரும், சொந்த பேரும் சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன்னு நாலஞ்சுக்குள்ள சுத்தும், அதோட ஒரே நேரத்துல அண்ணன் தம்பி பங்காளின்னு ரெண்டு மூணு பேரு வேற வேற ஊர்ல இருந்து ஆண்டிருக்காங்க. முதல்ல பட்டத்த பாருங்க. அடுத்து மெய்க்கீர்த்தி ஆரம்பம், அதாவது கல்வெட்டு தொடக்கத்துல ராஜாவ புகழ்ந்து வர்ற வரி, "பூமருவிய திருமடந்தையும்"னு தொடங்குனா 1216ல பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன், சோழ நாட்ட எரிச்சவன். 1251ல வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் வேற ஆளு, சீரங்கம் கோயிலுக்கு பொன் வேய்ஞ்சவன்.

ஆட்சி வருஷம் படிக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கு. "யாண்டு 2-ஆவதின் எதிர் 13-ஆவது"ன்னு இருந்தா ரெண்டையும் கூட்டி 15-ஆம் வருஷம்னு எடுத்துக்கணும், 13ன்னு எழுதிட்டு வந்தீங்கன்னா கணக்கு எல்லாம் போச்சு. கடைசில திதி, கிழமை, நட்சத்திரம் கொடுத்திருப்பாங்க, அத வச்சு சாமிக்கண்ணு பிள்ளை மாதிரி பஞ்சாங்க கணக்கு தெரிஞ்ச ஆளுங்க உக்காந்து பஞ்சாங்கம் போட்டுத்தான் இந்த வருஷமெல்லாம் நமக்கு கிடைச்சுது. கல்லு உடைஞ்சு கிழமை போயிருந்தா கஷ்டம்தான்.

கேள்வி: தஞ்சாவூர எரிச்சப்ப ஒரு மண்டபத்த மட்டும் விட்டாங்களாமே?

எரிச்சது முன்னாடி சொன்ன மாறவர்மன் சுந்தர பாண்டியன், திருச்சி பக்கம் திருவெள்ளறை கல்வெட்டுல பாட்டாவே இருக்கு. பட்டினப்பாலை பாடுனதுக்காக உருத்திரங்கண்ணனாருக்கு கரிகாலன் கொடுத்த பதினாறு தூண் மண்டபம் மட்டும் நின்னுச்சு, மத்த தூணெல்லாம் பறிச்சாச்சுன்னு. ஊரையே கொளுத்துனவன் புலவனோட தூண தொடல, அத பெருமையா வெட்டியும் வச்சான். நான் பாதி நம்புறேன், பாதி விளம்பரம்.

கேள்வி: கோயில் மேல்கூரைல மீன் இருந்தா பாண்டியர் கட்டுனதா?

மீன் அலங்காரமாவும் வரும், பாண்டியருக்கு அப்புறமும் வரும். கல்வெட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஆனா திருகோணமலை கோட்டை வாசல்ல இருக்குற ரெட்டை மீன் சமாச்சாரம் வேற, பாண்டியர் ஈழம் போனதுக்கு தனி ஆதாரமும் இருக்கு.

கேள்வி: பாண்டியர்கிட்ட அவ்ளோ குதிரை ஏது?

வாங்குனாங்க, காசு தண்ணியா போச்சு. மாறவர்மன் குலசேகரன் காலத்துல, 1268ல இருந்து 1310 வரைக்கும், காயல் துறைமுகத்துல அரபு குதிரை வந்து இறங்கும். வருஷத்துக்கு 1400 குதிரை, ஒண்ணு 220 தினார், வழில செத்தாலும் பணம் உண்டுன்னு ஒப்பந்தம்னு பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வச்சிருக்காரு. வந்ததும் ஏன் சாகுதுன்னா, வேகவச்ச சோறும் கறியும் போட்டாங்கன்னு மார்க்கோ போலோ சொல்றாரு. லாடம் அடிக்க ஆளும் கிடையாதாம். குதிரை விக்குற வணிகருங்க வேணும்னே கத்துக்கொடுக்கலன்னு வேற சொல்றாரு, யாவாரம் புரியுதா.

கேள்வி: மாலிக் காபூர் வந்ததோட பாண்டியர் முடிஞ்சாங்களா?

குலசேகரன் பசங்க சுந்தரனும் வீரனும் அடிச்சுக்கிட்டதுதான் முதல் அடி, 1311ல டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூர் வந்தது அதுக்கு மேல. மதுரை போச்சு, ஆனா ஆளுங்க தெக்க நகர்ந்துட்டாங்க. தென்காசில பராக்கிரம பாண்டியன் 1446ல காசிவிசுவநாதர் கோயில ஆரம்பிச்சு கட்டுனான், பின்னாடி அதே வம்சத்துல அதிவீரராமன் புலவனாவே பேரு வாங்குனான்.

அந்த கோயில்ல பராக்கிரமன் வெட்டி வச்ச பாட்ட ஒருதடவை போய் படிங்க. இந்த கோயிலுக்கு ஏதாவது குறை வந்தா அத சரி பண்ணி காப்பாத்துறவங்கள இப்பவே பணிஞ்சு கும்பிடுறேன்னு சொல்றான், ராஜா. கோபுரம் ரொம்ப காலம் பொளந்து மொட்டையா நின்னுச்சு, 1990ல திரும்ப கட்டி முடிச்சாங்க.