பென்சோஃபீனோன் நிறமாலையில் 3400 அருகே அகன்ற பட்டை

பென்சோஃபீனோன் என்ற கீட்டோனின் அகச்சிவப்பு நிறமாலையில் 3400 செ.மீ⁻¹ அருகே வந்த அகன்ற பட்டை ஹைட்ராக்சில் (O–H) தொகுதியைக் காட்டுகிறதோ என்று ஐயுறுகிறீர்கள்; அது பெரும்பாலும் நீருடையது. பென்சோஃபீனோனில் ஹைட்ராக்சில் தொகுதியே இல்லை. மாதிரியைக் கலந்து அளவீட்டு வில்லையாக அழுத்தப் பயன்படுத்திய பொட்டாசியம் புரோமைடு தூள் காற்றின் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். அதே நீர் 1640 அருகிலும் உறிஞ்சுவதால், 1660 அருகே வரும் கார்பனைல் (C=O) உச்சியின் ஓரத்தில் தெரியும் புடைப்பையும் புதிய தொகுதி என்று எண்ணிவிடாதீர்கள்.

மாதிரி சேர்க்காமல், அதே புட்டியிலுள்ள தூளை மட்டும் வில்லையாக அழுத்தி அளந்து பாருங்கள். அதிலும் பட்டை தோன்றினால், தூளை 110 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத உலர்கலனிலேயே ஆறவிட்டு, விரைவாக அரைத்து அழுத்துங்கள். மழைநாளில் நிதானமாக அரைத்தால் உலர்த்திய பயன் போய்விடும். மாதிரியை அந்த அடுப்பில் வைக்க வேண்டாம், அது 48 டிகிரியிலேயே உருகும்.

வெற்று வில்லையில் பட்டை இல்லாமல், மாதிரியில் 3000-க்குக் கீழும் உச்சிகள் இருந்தால், மறுபடிகமாக்கலில் கரைப்பானாகச் சேர்ந்த, ஹைட்ராக்சில் தொகுதியுள்ள எத்தனால் எஞ்சியிருக்கலாம்.