மண் ஓடா, கான்கிரீட் ஓடா: வீட்டுக் கூரைக்கு எது நல்லது?

என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. பின்கட்டில் அப்பா போட்ட மண் ஓடு, அதாவது மங்களூர் ஓடு, முன்பக்கம் நான் போட்ட கான்கிரீட் ஓடு. நான் இன்ஜினியர் இல்லை, ஓடு வியாபாரியும் இல்லை. இரண்டுக்கும் அடியில் படுத்துப் பார்த்தவன், அவ்வளவுதான். கான்கிரீட் ஓடு விற்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

நீங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து மறுபடி வேயப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சாய்வாகக் கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் அழகுக்கு ஓடு பதிப்பதாக இருந்தால் எந்த ஓடும் ஒன்றுதான், மழையைத் தடுப்பது தளம்தான். நிறம் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம். எங்களுக்கு மழை இரண்டு தடவை: ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. மொட்டை மாடி போட்டுவிட்டு வருடா வருடம் ஒழுக்குக்கு மருந்து அடிப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கே ஓட்டுக் கூரைதான். ராஜாவே ஓட்டுக்குக் கீழே இருந்த ஊரில் ஓட்டு வீடு எப்போது கேவலமாகிப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2009இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்த்தார். கண்ணாடி ஓடு வழியாக இறங்கிய வெயில் சரியாக அவருடைய மிக்சர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. “ஓட்டு வீடா” என்று அவர் கேட்கவில்லை. “மேல எடுக்கிற ஐடியா உண்டா?” என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. அக்காவுக்கு அடுத்த வருடமே நல்ல இடம் அமைந்தது, அது வேறு விஷயம். ஆனால் அந்த மிக்சர் தட்டு எனக்கு மறக்கவில்லை.

2013இல் முன்பக்கம் இரண்டு அறை சேர்த்துக் கட்டும்போது அந்த வீம்பு எனக்குள் இருந்தது. இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த கான்கிரீட் ஓட்டில் கருஞ்சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். பளபளவென்று இருந்தது. அப்பாவும் கூட வந்திருந்தார். ஓட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பிறவு ஒண்ணு ரெண்டு ஒடஞ்சா தருவியளா?” கடைக்காரர் சிரித்தார். “இது ஒடையாது சார்.” நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரங்கள் தீக்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்தன. எங்கள் வீட்டில் பின்கட்டின் இறவாணத்து, அதாவது கூரையின் கீழ் விளிம்பு, வரிசை இரண்டும் பறந்தன, முகட்டு ஓடு ஏழோ எட்டோ முற்றத்தில் கிடந்தது. முன்பக்கம் காற்றில் ஒரு ஓடுகூட அசையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும்: கான்கிரீட் ஓட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தோம். மண் ஓடு அடியில் இருக்கும் மூக்கைப் பட்டியலில், அதாவது குறுக்குச் சட்டத்தில், மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. மூக்கில் கம்பி கட்டத் துளை இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் யாரும் கட்டுவதில்லை. நாங்களும் கட்டவில்லை. அந்த மட்டில் கான்கிரீட்டுக்குத்தான் மார்க்.

ஆனால் காலை பத்து மணி இருக்கும், அயினி மரத்தின் கிளை ஒன்று முன்பக்கக் கூரையில் இறங்கியது. இருபத்து மூன்று ஓடுகள். உடையாத ஓடுகள்.

பின்கட்டை மூன்றாம் நாளே சரிசெய்துவிட்டோம். கிணற்றடியில் அப்பா முப்பது வருடமாக அடுக்கி வைத்திருந்த பழைய ஓடுகள் இருந்தன. போதாததற்கு, பக்கத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து கொஞ்சம் வாங்கினோம். வேறு கம்பெனி முத்திரை, வேறு வயது, ஆனாலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பள்ளம், பொருந்திவிட்டது. மங்களூர் ஓட்டின் பெரிய பலமே இதுதான். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து அந்த வடிவம் பெரிதாக மாறவே இல்லை. தாத்தா காலத்து ஓட்டுக்குப் பக்கத்தில் நேற்றைய ஓட்டை வைக்கலாம்.

முன்பக்கத்துக்கு? வாங்கின கடையில் அந்த நிறம் நின்றுபோச்சு என்றார்கள். நாகர்கோவிலில் கேட்டேன், திருவனந்தபுரம் வரை ஆள் விட்டேன். கம்பெனிக்குக் கம்பெனி அளவும் வளைவும் வேறு, ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. பொங்கல் வரைக்கும் தார்ப்பாய்தான். கடைசியில் அதே கம்பெனியின் வேறு நிறத்தில் கிடைத்ததைப் போட்டோம். அது புதுசு, மற்றது நாலு வருட வெயிலில் வெளுத்துப்போனது. ரோட்டிலிருந்து பார்த்தால் பழைய சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி இன்றைக்கும் தெரியும். மண் ஓட்டில் அப்படித் தெரியாது. அதன் சிவப்பு மேலே பூசியது இல்லை, மண் சூளையில் வெந்து வந்த நிறம். பாசி பிடித்துக் கறுக்கும், தேய்த்துக் கழுவினால் திரும்ப வரும்.

எடையைப் பற்றி நிறைய பேர் குழப்புகிறார்கள். கான்கிரீட் ஓடு ஒன்று நாலரைக் கிலோ பக்கம் வரும், மண் ஓடு இரண்டரை, மூன்று. ஆனால் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, மண் ஓடு 140, 150 வேண்டும். கான்கிரீட் பெரிதாக இருப்பதால் நூறுக்குள் முடிந்துவிடும். கூட்டிக் கழித்தால் கான்கிரீட்தான் கொஞ்சம் கூட, இரண்டு மடங்கெல்லாம் இல்லை. பழைய மரக் கழுக்கோலின், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தின், மேல் கான்கிரீட் ஓடு ஏற்றுவதென்றால் மட்டும் ஒரு நல்ல ஆசாரியிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். புது இரும்புச் சட்டம் என்றால் இரண்டையும் தாங்கும்படி அடிக்கலாம்.

சூடு? பின்கட்டில் சித்திரை மத்தியானமும் பாய் விரித்துத் தூங்கலாம். ஆனால் அது மண்ணின் குணம் மட்டும் இல்லை. ஓட்டுக்கு ஓடு இருக்கும் சந்தில் சூடு வெளியே போய்விடுகிறது. முன்பக்கத்தில் நான் ஓட்டுக்குக் கீழே சீலிங் அடித்து அந்த வழியை அடைத்துவிட்டேன், அதனால் கான்கிரீட் ஓட்டை மட்டும் குறை சொன்னால் பாவம்.

மண் ஓட்டின் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். மரநாய் ராத்திரி நடந்தால் ஓடு விலகும். மழைக்கு முன்னால் வருடா வருடம் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். ஏறத் தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மிதிக்கிற இடம் தெரியாமல் மிதித்து நாலு உடைப்பான். சூளையில் வளைந்து வந்த ஓடும் லோடில் கலந்து வரும். வேகாத ஓடு நாலைந்து மழையில் பொரிந்து உதிர ஆரம்பிக்கும். அதனால் இறக்கும்போதே விரலை மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தத்தில் சந்தேகம் வந்தால் அந்த ஓட்டில் விளிம்பு கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு அரை நாள் கழித்து அடியைப் பாருங்கள். ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது.

சரி, கடைசியில் எதைப் போடுவது என்றால், நான் இன்னொரு தடவை கட்டினால் மண் ஓடுதான், இறவாணத்திலும் முகட்டிலும் கம்பி கட்டி. பலத்த காற்று அடிக்கும் கடலோரமாக இருந்து, வருடா வருடம் ஏறிப் பார்க்க ஆளும் இல்லை என்றால், கான்கிரீட் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மறந்துவிட்டேன். அந்த மாப்பிள்ளையின் மாமா 2021இல் புது வீடு கட்டினார். சாய்வாகத் தளம் போட்டு மேலே ஓடு பதித்து, கேட்டால் கேரளா ஸ்டைல் என்கிறாராம். அந்த வழியாகப் போகும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவேன்.

எந்த ஓடு வாங்கினாலும் ஐம்பது, அறுபது கூடுதலாக வாங்கிச் சுவரோரம் நிறுத்தி அடுக்கி வையுங்கள், படுக்கப் போட வேண்டாம். எடுக்கும்போது கையை விடுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிவிடுங்கள். எங்கள் கிணற்றடி அடுக்கில் எப்போதும் ஒரு தேளாவது இருக்கும்.