சீன நாட்காட்டியில் ஒரே மாதம் ஏன் சில ஆண்டுகளில் இரண்டு முறை வருகிறது?

2025-இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. அச்சுப்பிழை இல்லை, அதுதான் மிகுமாதம்.

சீன மாதம் அமாவாசை நாளில் பிறக்கிறது. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. அப்பாவின் கை பிடித்து நடக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் அடி சிறியது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். அப்புறம் ஓரடி கூடுதலாக ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அந்தக் கூடுதல் அடிதான் மிகுமாதம். 19 ஆண்டுகளில் ஏழு முறை வரும்.

எந்த மாதத்தை இரட்டிப்பது? இங்கேதான் இந்த முறையின் அழகு இருக்கிறது. சூரியனின் பாதையை 24 பருவப் புள்ளிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 12 புள்ளிகள் முக்கியமானவை. பதின்மூன்று மாதம் வர வேண்டிய ஆண்டில், இந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட விழாத முதல் மாதத்துக்குத் தனி எண் கிடையாது. முந்தைய மாதத்தின் எண்ணையே அது பெறும்.

சரி, பஞ்சாங்கம்? அதைச் சீனர்கள் தோங்ஷூ என்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் 'யீ' என்ற தலைப்பில் செய்யத் தகுந்தவை, 'ஜீ' என்பதில் தவிர்க்க வேண்டியவை: திருமணம், வீடு மாறுவது, முடி வெட்டுவதுகூட. முதலில் இந்த இரண்டையும் பார்க்கப் பழகினால் போதும்.

சீன நாட்காட்டி நிலாவை மட்டும் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் முன்னோர் கல்லறைக்குச் செல்லும் சிங்மிங் நாள் சூரியக் கணக்கில் வருவதால், ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஐ ஒட்டியே அமைகிறது.