நரைத்த பலகையும் பாசி பிடித்த கூரையும்

மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வன்கூவர் பக்கம் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கினதும் எல்லாருக்கும் தங்கள் தங்கள் கூரை கண்ணில் பட்டிருக்கு. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சீடர் மரத்தைப் பற்றித்தான். ஊர் வீட்டுக் கதவு ஒன்றும் இடையில் வருகுது.

கேள்வி: அண்ணை, சரேயில் போன வருசம் ஒரு வீடு வாங்கினோம். கூரை சீடர் ஷேக் (சீடர் மரத்தில் பிளந்தெடுத்த பலகை), 2004இல் போட்டது. வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. தெற்குப் பக்கம் சாம்பல் நிறமாய் வெளிறிப்போய்க் கிடக்கு. கதவைத் தட்டி வந்த ஒருவர், பிறஷர் வோஷரால் (தண்ணியை அழுத்தி அடிக்கிற மெசின்) அடித்து எண்ணெய் பூசினால் புதுக்கூரை மாதிரி வரும் என்கிறார். மனிசி வேண்டாம் என்கிறா. என்ன செய்ய?

மனிசி சொல்லுறதைக் கேளுங்கோ தம்பி.

உங்கட கூரையில் இருக்கிறது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. ஒன்று பாசி, மற்றது நரை. நரைக்குப் பயப்படத் தேவையில்லை. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடிக்கிற லிக்னினை வெயில் உடைக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும், மிச்சம் நிற்கிற நார் சாம்பல் நிறமாய்த் தெரியும். மேலே ஒரு மெல்லிய தோலுக்குத்தான் இது. ஊசியிலை மரத்தில் செய்த, நிமிர்ந்து நிற்கிற சுவர்ப் பலகை இப்படித் தேய்ந்து போறது நூறு வருசத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் என்பது மர ஆராய்ச்சிக்காரர் சொல்லுற கணக்கு. கூரைப் பலகை வெயிலுக்கு மல்லாந்து கிடக்கிறதால் தேய்வு இதைவிட வேகம். அப்படியிருந்தும் அது வருசக்கணக்கில் நடக்கிற வேலை.

பிறஷர் வோஷர் அந்த வருசங்களை ஒரு பின்னேரத்தில் செய்து முடித்துவிடும். அடித்த உடனே கூரை தேன் நிறத்தில் மினுங்கும், அதைக் காட்டித்தான் காசு வாங்குகிறார்கள். மினுங்குகிறது கீழே இருந்த புதுமரம். மேலே இருந்த மரம் இப்ப உங்கட மழைத்தண்ணிப் பீலிக்குள் கூழாய்க் கிடக்கு. இரண்டாம் கோடையில் திரும்ப நரைக்கும், ஆனால் பலகை மெலிந்தது மெலிந்ததுதான். ஷேக் கூரை மேலிருந்து கீழே வழிகிற மழைக்காகப் போட்டது. எதிர்ப்பக்கத்தாலை அழுத்தி அடிக்கிற தண்ணி, பலகைக்கு அடியில் புகுந்து, அங்கே விரித்திருக்கிற ஃபெல்ட் தாளை நனைக்கும். அது காய எத்தனை நாள் செல்லும் என்று அடிக்கிற ஆளைக் கேட்டுப் பாருங்கோ.

பாசி வேற கதை. அதைக் கட்டாயம் எடுக்கவேணும். பாசி மரத்தைத் தின்னுறதில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சீடர் உழுத்துப்போகாமல் நிற்கிறதுக்குக் காரணம் அதின்ரை வைரத்தில், அதாவது உள்மரத்தில், இருக்கிற இயற்கையான மருந்துச் சத்துகள். அவை தண்ணியில் கரையிறவை. வருசக்கணக்காய் ஈரத்தில் ஊறிக் கிடக்கிற வடக்குப் பக்கத்தில் அந்தச் சத்துக் கழுவுப்பட்டுப் போக, பூஞ்சணம் உள்ளே வரும்.

முதலில் கூரை மினக்கெடத் தக்கதோ என்று பார்க்கவேணும். ஒரு ரோச் லைற்றோடு கூரைக்கு அடியில் இருக்கிற அற்றிக்குள் ஏறி, மழை கறை இருக்கோ, பலகை கறுத்துப் போயிருக்கோ என்று பாருங்கோ. வெளியிலே ஏணியில் நின்று, தாழ்வாரத்து நுனிப் பலகையை ஸ்குறூ ட்றைவரால் குத்துங்கோ. நுனி மட்டும் இறங்கி நின்றால் நல்ல மரம். கேக்குக்குள் போற மாதிரிப் போனால் உழுத்தது. வெடித்த பலகைகளையும் கவனியுங்கோ. மேல் வரிசை வெடிப்பு, கீழ் வரிசை இடைவெளிக்கு நேரே வந்தால்தான் தண்ணி உள்ளே போகும். அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலமாவது தள்ளி இருக்கவேணும் என்பது கூரை வேலைச் சட்டம். அங்கங்கே பத்துப் பதினைந்து பலகை போயிருந்தால் மாற்றலாம். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் கழுவுற காசைப் புதுக்கூரைக்கு எடுத்து வையுங்கோ, அதுதான் என்ரை கணக்கு.

கூரை நல்லதென்றால் வேலை இப்படி. கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற கொப்புகளை முதலில் வெட்டுவியுங்கோ. வெளிச்சமும் காத்தும் வந்தாலே பாதிப் பாசி அடங்கும். பலகைகளுக்கு இடையில் இருக்கிற நீட்டு இடைவெளிக்குள் ஊசியிலையும் மண்ணும் அடைந்திருக்கும். தண்ணி ஓடவும் மரம் ஊதவும் விட்ட இடம் அது. அதை ஒரு மெல்லிய தகட்டால் கிண்டி எடுக்கவேணும். தடித்த பாசியைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் தள்ளலாம். மிச்சத்துக்குச் சோடியம் பேர்காபனேற் கரைசல் காணும். ஒக்சிஜன் பிளீச் என்று விற்கிற தூள்தான் அது. தண்ணியில் கரைய ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் சலவைச் சோடாவுமாய்ப் பிரியும். மப்பான நாளில் தெளித்து, காயவிடாமல் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் முகட்டிலிருந்து கீழ்நோக்கி வருடி, தோட்டத்துக் குழாய்த் தண்ணியால் கழுவுங்கோ. உடுப்புக்குப் போடுற குளோரின் பிளீச் வேண்டாம். கனக்கப் பாவித்தால் நாரே பஞ்சாய் எழும்பும், கீழே நிற்கிற செடியும் கருகும்.

கவனம், பாசி பிடித்த ஷேக் நனைந்தால் விலாங்கு மாதிரி வழுக்கும். நீங்களாக ஏறவேண்டாம். ஆளைப் பிடித்தால் மாகாணத்துத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான வேர்க்சேஃப் பிசியின் கிளியறன்ஸ் கடிதம் கேளுங்கோ. 3 மீற்றரும் அதுக்கு மேலும் உயரத்தில் வேலை செய்யிறவைக்கு விழாமல் தடுக்கிற ஏற்பாடு இந்த மாகாணத்தில் கட்டாயம். கடிதம் கேட்டவுடனே முகம் சுழிக்கிற ஆளை அப்படியே அனுப்பிவிடுங்கோ.

எண்ணெயோ? கூரை உறுதியாய் இருந்து, பூசுற சாமான் மேலே படலமாய் நிற்காமல் மரத்துக்குள் இறங்குமென்றால், அதிலே பூஞ்சண மருந்தும் கொஞ்சம் நிறமும் இருந்தால், பூசலாம். நிறந்தான் வெயிலைத் தடுக்கிறது. வெறும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினால் கறுப்புப் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த கணக்கு.

கேள்வி: முகட்டில் துத்தநாகத் தகடு அடித்தால் பாசி வராது என்கிறார்கள். உண்மையோ? எங்கட கூரைத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்துத்தான் வெந்தயக் கீரைக்கு விடுறன். (பேர்னபி வாசகி)

உண்மைதான் தங்கச்சி. மழை அந்தத் தகட்டில் பட்டுத் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்துக் கொண்டு வர, அது ஓடுற பாதையில் பாசி தலைதூக்காது. கூரை நீளமாய் இருந்தால் அடிப்பக்கத்துக்கு வந்து சேராது, அங்கே திரும்பப் பாசி வரும்.

ஆனால் அந்தத் தண்ணியைக் கீரைக்கு விடவேண்டாம். ஆற்றுக்கும் நல்லதில்லை. தெருவோர வடிகால் வாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் கீறியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்கள். அந்த வடிகால் நேரே ஓடைக்குப் போகுது, ஓடையில் சல்மன் குஞ்சு இருக்கு என்கிறதுக்கான அடையாளம் அது. துத்தநாகமும் செம்பும் மீனுக்கு நஞ்சு. கீரை வேணுமென்றால் தகடு வேண்டாம். வருசத்துக்கு ஒருக்கா தூரிகை பிடியுங்கோ.

கேள்வி: வேலிக்குப் புதுச் சீடர் பலகை அடித்தோம். முதல் மழைக்கே ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் மை வடிந்த மாதிரிக் கறுப்புக் கோடு. மரம் பழுதோ? (கொக்விட்லம் வாசகர்)

மரம் நல்ல மரம், ஆணிதான் மலிவு ஆணி. சீடரில் இருக்கிற துவர்ச்சத்தும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு மை பிறக்கும். பூஞ்சணமோ இரும்புக் கறையோ என்று சந்தேகமென்றால், வீட்டுப் பிளீச்சில் ஒரு துளி வையுங்கோ. ஒன்றிரண்டு நிமிசத்தில் வெளிறினால் பூஞ்சணம். அசையாமல் நின்றால் இரும்பு. அந்த இடத்தை நல்லாய்க் கழுவினபிறகுதான் அடுத்த வேலை.

இரும்புக்கு மருந்து ஒக்சாலிக் அசிற். ஒரு லீற்றர் சுடுதண்ணிக்கு ஏறக்குறைய 100 கிராம், பிளாஸ்ரிக் வாளியில். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தடவி, கறை போனதும் நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்கோ. நஞ்சுச் சாமான், பிள்ளையள் கை படாத இடத்தில் வையுங்கோ. எந்தப் பிளீச்சோடையும் கலக்கவேண்டாம். ஆணியை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஸ்ரெயின்லெஸ் ஆணி போடுங்கோ, அல்லது உருக்கின துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் ஆணி. இரும்புக் கம்பித் தூரிகையால் பலகையைத் தேய்க்கவும் வேண்டாம். அதின் தும்பு மரத்துக்குள் இருந்து புதுக்கறை போடும்.

கேள்வி: ஐயா, கோப்பாயில் அப்பு கட்டின வீட்டுக்கு முன்கதவு முதிரை மரம். நாலைந்து தரம் பெயின்ற் அடித்து, இப்ப செதில் செதிலாய்க் கழருது. ஆடியில் ஊருக்குப் போறம். கனடாவில் இருந்து நல்ல கிளியர் வார்னிஷ் கொண்டு போய் மரம் தெரிய அடிக்கலாமோ? (மார்க்கம் வாசகி)

கொண்டு போகாதேங்கோ பிள்ளை. எரியக்கூடிய சாமானை விமானத்தில் ஏற்ற விடமாட்டினம். அது ஒரு புறம். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு நேரே நிற்கிற கதவுக்குக் கிளியர் வார்னிஷ் கூடவே கூடாது. கண்ணாடி மாதிரி இருக்கிறதால் வெயில் அதுக்குள்ளாலை போய் மரத்தைத் தாக்கும். மேல்மரம் விட்டுக்கொடுக்க, வார்னிஷ் தகடு தகடாய்க் கழரும். திரும்ப அடிக்க முழுதையும் சுரண்டவேணும்.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கோ. ஊதுவிளக்கால் சுடவேண்டாம், காய்ந்தபடி உரஞ்சவும் வேண்டாம். ஈரமாக்கிச் சுரண்டி, செதிலைப் பழைய சீலையில் பிடித்து எடுங்கோ. பேரப்பிள்ளையள் அந்தப் பக்கம் வராமல் பாருங்கோ.

கதவைவிட நிலையை முதலில் பாருங்கோ. நிலைக்கால் படியில் ஊன்றுற இடத்தைத் தட்டினால் சத்தம் பொத்தலாய்க் கேட்குதோ, மண்பூச்சு ஏறியிருக்கோ? முதிரையின் வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. ஆனால் அந்தக் காலத்திலும் நிலைக்கு வேற மரம் போட்டுக் காசு மிச்சம் பிடித்த மேசன்மார் இருந்தவை. அடிக்கால் மட்டும் போயிருந்தால், ஒரு நல்ல தச்சுவேலைக்காரர் அந்தத் துண்டை வெட்டிப் பாலை மரத்தில் ஒட்டுப் போடுவார். முழு நிலையையும் பிடுங்கி அலுமினியம் போடுவம் என்று யாரும் சொன்னால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.

மரம் வெளியே வந்தபிறகு, கதவுக்கு மேலே ஒரு சின்னப் பந்தலோ ஓட்டுத் தாழ்வாரமோ இறக்க ஏலுமோ என்று பாருங்கோ. எந்தப் பூச்சைவிடவும் நிழல்தான் கனகாலம் காக்கும். நிழல் வந்தால், கொதிக்க வைத்த லின்சீட் எண்ணெய் என்று கடையில் விற்கிறதை மெல்லிசாய்ப் பூசி, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கோ. நிழல் இல்லையென்றால், மரத்துக்குள் இறங்குகிற நிறம் கலந்த ஸ்ரெயின் பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது தன்பாட்டில் சூடேறும், சுருட்டின துணி தானாய்ப் பற்றும். வெளியிலே கொடியில் விரித்துக் காயவிடுங்கோ, அல்லது தண்ணி வாளிக்குள் அமுக்குங்கோ.

கேள்வி: கெலோனாவில் இருக்கிறோம். சீடர் கூரையைச் சுத்தம் செய்து வைத்திருந்தும், இன்சூரன்ஸ் கொம்பனி மாற்றச் சொல்லுது. நியாயமோ?

உங்கட இடத்தில் நியாயந்தான். 2003இல் ஒகனாகன் மவுன்ரின் பார்க் தீ அங்கே 200க்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. 2023இல் வெஸ்ற் கெலோனாவிலும் தீ வீடுகளை எரித்தது. காட்டுத்தீ வீட்டைப் பிடிக்கிறது கனக்கக் காற்றில் பறந்து வாற தணலால். பாசியும் குப்பையும் எடுத்த கூரையில் தணலுக்கு ஒளிக்க இடம் குறையும், ஆனால் மரம் மரந்தான். தீத்தடுப்பு மருந்தை அழுத்தி ஏற்றின ஷேக் என்றால் அதுக்குச் சான்றிதழ் இருக்கும், தேடி எடுத்து அனுப்புங்கோ. இல்லையென்றால் மேலே தெளிக்கிற மருந்தை நம்பிக் காசு செலவழிக்காதேங்கோ.

கேள்வி: அவர் சீடர் டெக்கை (வீட்டோடு சேர்ந்த வெளி மரத்தளம்) மெசினால் உரஞ்சி ஸ்ரெயின் அடிக்கிறார். பகலில் ஒன்றுமில்லை, இரவில் இருமலும் இழுப்பும். வயசோ, மரமோ? (நோர்த் வன்கூவர் வாசகி)

மரம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். சீடர் தூளில் பிளிக்காற்றிக் அசிற் என்று ஒன்று இருக்கு. இந்த மாகாணத்து மரம் அரிகிற மில் தொழிலாளரிடம் அது கொண்டு வாற ஆஸ்துமாவை வன்கூவர் வைத்தியர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கினம். தூளைச் சுவாசித்துப் பல மணித்தியாலம் கழித்து, இரவில் இழுக்கிறது அதின்ரை வழக்கம். அதனால்தான் கனபேர் மரத்தைச் சந்தேகிக்கிறதில்லை. தூளில் இருந்து விலகினபிறகும் சிலருக்கு நோய் போறதில்லை. உரஞ்சிறதை இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கோ. மிச்ச டெக்கை வேறு ஆளைக் கொண்டு, உரஞ்சாமல் கழுவி ஸ்ரெயின் அடிப்பியுங்கோ. டொக்டரிடம் போகேக்கை இருமல் என்று மட்டும் சொல்லாமல், வெஸ்ரேர்ன் றெட் சீடர் என்று மரத்தின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கோ.